பீக் பிரேமிலிருந்து காம்போசிட் கழன்று வருகிறது: பிளாஸ்மா கருவி வாங்கினால் தீருமா?

மெழுகுக்கத்தி எழுதியது:

வணக்கம். கோவையில் சிறிய பல் லேப் வைத்திருக்கிறேன். இப்போது பீக் என்கிற உறுதியான பிளாஸ்டிக்கில் பிரேம் (செயற்கைப் பல்லைத் தாங்கும் சட்டம்) செய்யும் வேலை நிறைய வருகிறது. உலோகம் வேண்டாம், கனம் வேண்டாம் என்கிற நோயாளிகளுக்கு டாக்டர்கள் இதைத்தான் எழுதுகிறார்கள். பிரேமை மில் செய்து (கருவியால் கடைந்தெடுத்து), மேலே காம்போசிட் என்கிற பல் நிறப் பிசினை அடுக்கிக் கொடுக்கிறோம். அவற்றில் சில, முன்பல் பகுதியில் காம்போசிட் மொத்தமாகக் கழன்று திரும்பி வருகின்றன. உடைந்து வந்தால்கூட மனம் ஆறும். ஒட்டவே ஒட்டாததுபோல் வருவதுதான் வயிற்றெரிச்சல்.

இதற்கிடையில் கையடக்கப் பிளாஸ்மா கருவி ஒன்றை விற்க ஒருவர் வந்தார். பீக் துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார், அது குண்டாக உருண்டு நின்றது. துடைத்துவிட்டுக் கருவியைச் சில விநாடிகள் காட்டினார். மறுபடி விட்ட சொட்டு படலமாகப் பரவிவிட்டது. “பார்த்தீர்களா, இனி உங்களுக்குப் பிரைமரே தேவையில்லை, மணல் வீச்சும் தேவையில்லை” என்றார். பிரைமர் என்பது ஒட்டுவதற்கு முன் பூசும் அடித்திரவம்; மணல் வீச்சு என்பது துகளை வீசி முகத்தைச் சொரசொரப்பாக்குவது. கண்ணால் பார்த்ததை நம்பாமல் இருக்க முடியவில்லை. விலையைக் கேட்டதும் நம்பிக்கை கொஞ்சம் குறைந்தது. பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கடைவாய் எழுதியது:

நான் செயற்கைப்பல் சிறப்பு மருத்துவர், திருச்சி. கருவியைப் பிறகு பேசலாம். கழன்ற துண்டு கையில் இருக்கிறதா? பீக்கின் முகத்தையும் காம்போசிட்டின் உள்முகத்தையும் லூப்பில் (உருப்பெருக்கும் கண்ணாடியில்) பார்த்து, என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.

மெழுகுக்கத்தி எழுதியது:

இருக்கிறது டாக்டர். 10 மடங்கு லூப்பில் பார்த்தேன். பீக் பக்கம் சுத்தமாக இருக்கிறது. காம்போசிட்டுக்கு அடியில் முதலில் பூசும் ஓபேக்கர் ஒரு பொட்டுக்கூட ஒட்டியிருக்கவில்லை. மில்லிங் பர் ஓடிய கோடுகள் வரிவரியாகத் தெரிகின்றன. வேடிக்கை என்னவென்றால், காம்போசிட்டின் உள்முகத்திலும் அதே கோடுகள் அச்செடுத்ததுபோல் பதிந்திருக்கின்றன.

கடைவாய் எழுதியது:

அப்படியென்றால் பாதி விடை உங்கள் கையிலேயே இருக்கிறது.

பீக்கின் மேல் ஒன்றும் மிச்சமில்லை என்றால் விட்டுப்போனது இரண்டும் சந்திக்கும் இடைமுகம். காம்போசிட் பலவீனம் என்றால் அதற்குள்ளேயே முறிந்து, பாதி பிரேமில் தங்கியிருக்கும். அடுத்து, உங்கள் ஓபேக்கர் கோடுகளுக்குள் இறங்கி அச்செடுத்திருக்கிறது. ஆக, அது பரவத்தான் செய்தது. பரவிய பிறகும் பிடிக்கவில்லை. பரவுதல் வேறு, பிடித்தல் வேறு. விற்பனையாளர் தண்ணீரைப் பரவவைத்துக் காட்டினார். உங்கள் நோய் அது மட்டும் இல்லை.

மூன்றாவது செய்தி: மில் கோடுகள் இவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன என்றால் மணல் வீச்சு பேருக்குத்தான் நடந்திருக்கிறது. எந்தத் துகள், எவ்வளவு அழுத்தம்? மேலே என்ன பாண்டிங் (ஒட்டுத்திரவம்) பூசுகிறீர்கள்?

மெழுகுக்கத்தி எழுதியது:

50 மைக்ரான் அலுமினா, அழுத்தம் 1 பார் அளவில். ஓரம் மழுங்கிவிடும் என்று பையன்கள் அதற்கு மேல் கூட்டுவதில்லை. பாண்டிங், வழக்கமாகக் காம்போசிட்டுக்குப் பயன்படுத்துவதுதான். பீக்குக்கென்று தனியாக எதுவும் வாங்கவில்லை.

பரப்பியல்பித்தன் எழுதியது:

நான் பல் ஆள் இல்லை. பாலிமர் மேற்பரப்புகளோடு மல்லுக்கட்டுவதே பிழைப்பு. பீக் ஏன் இப்படி முரண்டுபிடிக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

பீக் சங்கிலி முழுக்க பென்சீன் வளையங்கள். அவற்றை ஈதர், கீட்டோன் இணைப்புகள் கோத்திருக்கின்றன. பகுதி படிகத்தன்மை உடையது, 343 டிகிரி செல்சியஸில்தான் உருகும். உடலுக்குள் வைத்தாலும் எதனோடும் வினைபுரியாது என்பதால்தான் மருத்துவர்களுக்கு அதன் மேல் ஆசை. அதே குணம் ஒட்டவைக்கும்போது எதிரியாகிறது. அக்ரிலிக் டெஞ்சரை (கழற்றி மாட்டும் பல்செட்டை) நினைத்துப் பாருங்கள். அதன் மூலத்திரவமான மோனோமரைத் தடவியதும் மேற்பரப்பு ஊறி உப்புகிறது, புதிய பிசின் அதன் சங்கிலிகளுக்கு இடையில் புகுந்து அங்கேயே இறுகுகிறது. பீக்கில் அந்த ஊறல் கிட்டத்தட்ட நடப்பதே இல்லை. உங்கள் பாண்டிங்கில் இருக்கிற மெத்தாக்ரிலேட்டுக்குக் கைகோக்க அங்கே இரட்டைப் பிணைப்பும் இல்லை.

இப்போது பிளாஸ்மா. ஒரு வாயுவுக்கு மின்புலம் கொடுத்து எலக்ட்ரான்களைப் பிய்த்து ஓடவிட்டால் கிடைப்பது. குளிர் பிளாஸ்மாவில் எலக்ட்ரான்கள் மட்டும் சில எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு பாய்கின்றன. 1 எலக்ட்ரான்வோல்ட் என்பது ஏறத்தாழ 11,600 கெல்வின் வெப்பநிலைக்குச் சமம். வாயு அணுக்களோ அறை வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. அதனால்தான் பிளாஸ்டிக் உருகுவதில்லை. கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 3.6 எலக்ட்ரான்வோல்ட் போதும். ஆகவே மேற்பரப்பில் பிணைப்புகள் அறுந்து, தனித்து நிற்கும் முனைகள் உண்டாகின்றன. அவை ஆக்சிஜனைப் பிடித்து ஹைட்ராக்சில், கார்பானைல், கார்பாக்சில் என்று மாறுகின்றன. ஆர்கான் மட்டும் செலுத்தினாலும் இது நடக்கும். துண்டை வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த முனைகளில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பீக்கின் மேல் தண்ணீரின் சேர்கோணம், அதாவது சொட்டு மேற்பரப்போடு செய்யும் கோணம், சிகிச்சைக்கு முன் 80 டிகிரிக்கு அக்கம்பக்கம். பிறகு 20, 30-க்குக்கூட இறங்கும். நீங்கள் பார்த்த காட்சி உண்மைதான், அதில் மாயமந்திரம் இல்லை. ஆனால் இந்த மாற்றம் சில நானோமீட்டர் ஆழத்துக்குத்தான். மணல் வீச்சு தருகிற மைக்ரோமீட்டர் அளவிலான மேடுபள்ளத்தை அது தராது. கைக்கருவியில் சில விநாடி காட்டுவதால் நிச்சயம் வராது.

ஹைட்ராக்சில் வந்துவிட்டது, சரி. அதனோடு பேசக்கூடிய எதுவும் உங்கள் பாண்டிங்கில் இல்லையென்றால் என்ன பயன்?

நீலச்சுடர் எழுதியது:

பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன், ஒரு மாற்றுக்கருத்து. ஜெர்மனியில் வாகன உதிரிபாகத் துறையில் இருக்கிறேன். கார் முகப்பு விளக்கின் பாலிபுரொப்பிலீன் கூட்டில் பசை விடுவதற்கு முன்னால் பிளாஸ்மா முனை ஓடும். பாலிபுரொப்பிலீன் பீக்கைவிட மோசமான பேர்வழி, அதுவே ஒட்டுகிறது. 1951-இல் டென்மார்க்கின் வெர்னர் ஐஸ்பி பிளாஸ்டிக் படலத்தின் மேல் மை நிற்பதற்காகக் ஒருவகைப் பிளாஸ்மாவான கொரோனா மின்னிறக்கத்தைக் கொண்டுவந்தார். இன்று நம் வீட்டுப் பிளாஸ்டிக் பைகளில் எழுத்து அழியாமல் நிற்பது அந்த வழியில்தான். 70 ஆண்டு பழைய தொழில்நுட்பத்தைப் பல் துறை இன்னும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது ஏன்? மணல் வீச்சில் ஓரம் மழுங்குகிறது என்று அவரே சொல்கிறார். பிளாஸ்மா ஓரத்தைத் தொடாது.

கடைவாய் எழுதியது:

நீலச்சுடர், கார் விளக்கை நாள்தோறும் யாரும் மென்று தின்பதில்லை.

வாயில் ஐஸ்கிரீம், உடனே காபி, இடைவிடாத ஈரம், ஆயிரக்கணக்கான கடிகள். அதனால்தான் ஒட்டுத்திறன் சோதனையில் துண்டுகளை 5 டிகிரி, 55 டிகிரித் தண்ணீரில் மாற்றி மாற்றி முக்கி எடுக்கிறோம். 10,000 சுற்று வாயில் ஓர் ஆண்டுக்குச் சமம் என்று ஆய்வாளர்கள் கேலும் டார்வெல்லும் 1999-இல் கொடுத்த கணக்கையே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் குளியலுக்கு முன்னால் எடுத்த பிடிப்பு எண்ணைக் காட்டும் எந்த விளம்பரத்தையும் நான் மடித்து வைத்துவிடுவேன். சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 10477 பிடிப்புக்குக் கேட்பது குறைந்தது 5 மெகாபாஸ்கல். நடைமுறையில் 10-க்குக் குறைந்தால் எனக்குத் தூக்கம் வராது.

பீக் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி ஒன்று உண்டு: சரியான பிரைமர் இல்லாமல் பிளாஸ்மா மட்டும் போட்டுப் பிசின் சிமென்ட்டை வைத்தால் பிடிப்பு மிகக் குறைவு, சில சமயம் சோதனைக்கு முன்பே விழுந்துவிடும். எம்எம்ஏ (அக்ரிலிக்கின் மோனோமர்), பென்டாஎரித்ரிட்டால் ட்ரைஅக்ரிலேட் உள்ள விசியோ.லிங்க் போன்ற பிரைமர் திரவத்தைப் பூசி ஒளியில் இறுக்கினால், பிளாஸ்மா இல்லாமலேயே நல்ல எண் கிடைக்கிறது. பிளாஸ்மாவையும் சேர்த்தால் கூடுதல் பலன் உண்டா என்பதில் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. வாயு, நேரம், அழுத்தம் எல்லாமே ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே “பிரைமரே தேவையில்லை” என்பது தலைகீழ்ப் பாடம்.

நீலச்சுடர் எழுதியது:

பிரைமர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே. எங்கள் தொழிற்சாலையிலும் பிளாஸ்மாவுக்குப் பின் பசை உண்டு, சும்மா ஒட்டிவிடுவதில்லை. என் கேள்வி, ஓரம் மழுங்காமல் இருக்க மணல் வீச்சுக்குப் பதிலாகப் பிளாஸ்மா போதாதா என்பது மட்டும்.

பழையகை எழுதியது:

எதற்கு இவ்வளவு சுற்று? 98 சதவீதக் கந்தக அமிலத்தில் ஒரு நிமிடம் வையுங்கள். பீக் கரைகிற ஒரே சாதாரண அமிலம் அதுதான். மேற்பரப்பு நுண்துளைகளோடு எழும்பும், எந்தப் பிசினும் உள்ளே இறங்கும். பிடிப்பு எண்களில் எல்லாவற்றையும்விட மேலே நிற்பது அதுவே.

பரப்பியல்பித்தன் எழுதியது:

எண் மேலே நிற்பது உண்மை. துளைக்குள் மிச்சமாகும் அமிலத்தை யார் வெளியே எடுப்பது? நீண்ட நேரம் அலசாவிட்டால் அது கசிந்துகொண்டே இருக்கும். அடர் கந்தக அமிலம் கையில் பட்டால் என்னாகும் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. இன்னும் சிலர் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து பிரானா கரைசல் என்று செய்கிறார்கள். ஆல்கஹாலோ அசிட்டோனோ ஒரு துளி அதில் விழுந்தால் வெடிக்கும். பல் லேப் மேசையில் இந்த இரண்டும் எப்போதும் திறந்தே இருக்கும். தயவுசெய்து வேண்டாம்.

வேம்படி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் தள்ளிப்போகிறேன், மன்னிக்கவும். எனக்குப் பீக் வேலை குறைவு. டெஞ்சரின் அடியில் வைக்கும் மென்மையான சிலிகான் லைனர்தான் என் தலைவலி. ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு முதலில் கிளம்பும். அதற்குள் சோற்றுப் பருக்கையும் பூஞ்சையும் சேர்ந்து நாற்றம் வரும். பிறகு முழுவதும் உரியும். அக்ரிலிக் அடித்தளத்துக்குப் பிளாஸ்மா கொடுத்தால் இது நிற்குமா?

பரப்பியல்பித்தன் எழுதியது:

நல்ல கேள்வி. என் கணக்கில் பிளாஸ்மாவுக்குப் பீக்கைவிட இங்கேதான் அதிக வேலை இருக்கிறது.

அக்ரிலிக்கோடு அக்ரிலிக்கை ஒட்டும்போது பிளாஸ்மாவைத் தேடவே வேண்டாம். உடைந்த டெஞ்சரைச் சேர்ப்பதற்கு முன் முறிந்த முகத்தை எம்எம்ஏ-வால் 180 விநாடி நனைத்தால் பிடிப்பு கூடும் என்பது 1990-களிலிருந்தே தெரிந்த விஷயம். கையில் இருக்கிற குப்பி அந்த வேலையைச் செய்யும்போது கருவிக்குப் பணம் கொட்டுவானேன்? ஆனால் 3டி பிரிண்டரில் எடுத்த டெஞ்சர் அடித்தளத்தில் கணக்கு மாறுகிறது. அது குறுக்குப் பிணைப்பு மிகுந்த வலை. மோனோமர் எளிதில் ஊறாது. மில் செய்யும் அக்ரிலிக் வட்டிலிலும் குக்கரில் வேகவைக்கும் பழைய அக்ரிலிக் அளவுக்கு மிச்ச மோனோமர் இருக்காது.

சிலிகானுக்கும் அக்ரிலிக்குக்கும் ரசாயனத்தில் உறவே கிடையாது. நிறுவனம் கொடுக்கும் பிரைமர்தான் நடுவில் நின்று பேசவைக்கிறது. அக்ரிலிக்கில் பிளாஸ்மாவால் ஹைட்ராக்சில், கார்பாக்சில் தொகுதிகளைக் கூட்டினால், சைலேன் என்கிற சிலிக்கான் சேர்மம் உள்ள பிரைமருக்குப் பிடித்துக்கொள்ள அதிக இடம் கிடைக்கும். சிலிகானுக்கே பிளாஸ்மா கொடுத்தால் என்ன ஆகும் என்பதை, நுண்ணிய வழிகளில் திரவத்தை ஓடவிடும் நுண்பாய்ம ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். 1998-இல் ஹார்வர்டில் ஒயிட்சைட்ஸ் குழுவினர் ஆக்சிஜன் பிளாஸ்மா கொடுத்த பிடிஎம்எஸ் சிலிகான் முகங்கள் இரண்டைச் சேர்த்து, பிரிக்க முடியாதபடி ஒட்டினார்கள். இரு பக்கமும் உண்டான சைலனால் தொகுதிகள் தண்ணீரை வெளியேற்றிவிட்டுச் சிலிக்கான்-ஆக்சிஜன்-சிலிக்கான் பாலமாகிவிட்டன.

வேம்படி, இதைக் கேட்டுவிட்டு உடனே கடைக்கு ஓட வேண்டாம். அந்த முகம் நிலைப்பதில்லை. சிலிகானின் சேர்கோணம் இயல்பாக 110 டிகிரி அளவு. பிளாஸ்மா பட்டதும் தரையைத் தொடும். பிறகு சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கும். உள்ளே இருக்கும் குட்டைச் சங்கிலிகள் மேலே ஊர்ந்து வருகின்றன, மேலே உண்டான தொகுதிகள் உள்ளே புரண்டுகொள்கின்றன. சூடு அதிகம் என்றால் வேகமும் அதிகம். நம் ஊர் மே மாதத்தை இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பீக்கில் சங்கிலி விறைப்பானது, அது இளகத் தொடங்கும் கண்ணாடி நிலைமாற்றமே 143 டிகிரியில்தான் என்பதால் புரளல் மெதுவாக நடக்கும். அங்கேயும் காற்றிலுள்ள எண்ணெய்ப்பசை படிவதைத் தடுக்க முடியாது.

கடைவாய் எழுதியது:

நீலச்சுடரின் தொழிற்சாலைக்கும் நம் லேப்புக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. அங்கே பிளாஸ்மா முனைக்குப் பின்னாலேயே பசை முனை ஓடுகிறது. இங்கே காலையில் பிரேமைத் தயார்செய்து, டீ குடித்து, டாக்டரின் போனை எடுத்துப் பேசி, மாலையில் அடுக்குகிறோம். நடுவில் நான்கு பேர் கையில் எடுத்து “பொருந்துகிறதா” என்று மாடலில் வைத்துப் பார்ப்பார்கள். அத்தனை விரல் ரேகையும் அந்த நானோமீட்டர் அடுக்கின் மேல்.

மெழுகுக்கத்தி எழுதியது:

எங்கள் லேப்பை நேரில் வந்து பார்த்ததுபோல் எழுதிவிட்டீர்கள் டாக்டர். சரி, கருவி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எந்த வரிசையில் செய்ய வேண்டும்? பிளாஸ்மா போட்டதை மறுநாள் வரை ஜிப் பையில் வைக்கலாமா?

பரப்பியல்பித்தன் எழுதியது:

ஜிப் பை கூடவே கூடாது. பாலித்தீன் பை ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க அதில் வழுக்கும் பொருள் சேர்ப்பார்கள், அது உங்கள் பிரேமுக்கு மாறிவிடும். வைத்தே ஆக வேண்டும் என்றால் சுத்தமான கண்ணாடிக் கிண்ணத்தில், மூடி. ஆனால் வைக்காமல் இருப்பதுதான் முறை.

மணல் வீச்சு முதலில். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் அல்ட்ராசோனிக், உலர்த்தல். உலர்த்துகிற காற்றில் கம்ப்ரசர் எண்ணெய் கலந்து வருகிறதா என்று வடிகட்டியைப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் கொஞ்ச நேரம் ஊதிவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எண்ணெய்ப்புகை தெரிந்துவிடும். மெல்லிய அழுக்கைப் பிளாஸ்மா எரித்துவிடும்; மெழுகையும் அலுமினாத் தூளையும் ஒன்றும் செய்யாது. எல்லாம் முடிந்து மாடலில் வைத்துச் சரிபார்த்த பிறகு பிளாஸ்மா, அந்தக் கையோடு பிரைமர், உடனே ஒளி. விசியோ.லிங்க் என்றால் 90 விநாடி. பிளாஸ்மாவுக்கும் பிரைமருக்கும் நடுவில் ஸ்டீம் கிளீனர் வேண்டாம், ஆல்கஹால் துடைப்பு வேண்டாம், விரல் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. “கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் இன்னும் நல்லது” என்று நினைப்பவர்கள் உண்டு. அதிகமாகக் காட்டினால் சங்கிலிகள் துண்டுதுண்டாகி, மேலே பொடிப்பொடியான ஆக்சிஜனேறிய துணுக்குகள் சேரும். தண்ணீர் அதன் மேல் அற்புதமாகப் பரவும். பிரைமரும் பரவும். ஆனால் பிரைமர் பிடித்துக்கொண்டிருப்பது அந்தத் துணுக்குகளை. துணுக்குகளோ பிரேமைப் பிடித்திருக்கவில்லை. சுண்ணாம்பு உதிரும் சுவரில் ஸ்டிக்கர் ஒட்டிய கதை. சந்தேகம் இருந்தால், சிகிச்சை கொடுத்த ஒரு சோதனைத் துண்டைத் தண்ணீரில் அலசி உலர்த்தி மறுபடி சொட்டு விட்டுப் பாருங்கள். பரவல் சட்டென்று குறைந்தால் நீங்கள் உண்டாக்கியது துணுக்குப் படலம்.

நீலச்சுடர் எழுதியது:

இதை ஒத்துக்கொள்கிறேன். எங்களிடமும் முனையின் தூரம், நகரும் வேகம் இரண்டையும் ரோபோதான் பார்த்துக்கொள்கிறது. கையால் காட்டினால் ஓரிடத்தில் அதிகம், ஓரிடத்தில் ஒன்றுமில்லை என்று ஆகும். தண்ணீர்ச் சொட்டுக்குப் பதிலாக டைன் மை வாங்குங்கள். குறிப்பிட்ட பரப்பு இழுவிசைக்கென்று கலந்த மைகள் குப்பியிலும் பேனாவிலும் கிடைக்கும். கோடு போட்டதும் அப்படியே நிற்கிறதா, திரண்டு சொட்டாகிறதா என்று பார்த்தால் எண்ணாகவே தெரியும். வேலைத் துண்டில் போடாதீர்கள், கூட வைத்த சோதனைத் துண்டில் மட்டும்.

மணல் வீச்சு பற்றிய என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

கடைவாய் எழுதியது:

பதில் இதோ. மெல்லிய ஓரத்தில் வீச்சைத் தவிர்த்து அங்கே மட்டும் பிளாஸ்மாவை நம்பலாமா என்றால், ஓரத்திலிருந்துதான் தண்ணீர் உள்ளே நுழைகிறது. மிக அதிகப் பிடிப்பு தேவைப்படும் இடத்தில் மிகக் குறைந்த பிடிப்பை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஓரத்தை மெழுகாலோ சிலிகானாலோ மூடிக்கொண்டு மற்ற இடத்தில் வீசலாம். அல்லது ஓரத்தைக் கொஞ்சம் தடிமனாக மில் செய்து, வீசிய பிறகு மெருகேற்றலாம். பீக் நன்றாகவே வளைந்து கொடுக்கும் பொருள். அதன் விறைப்பைக் காட்டும் மீள்குணகம் 4 ஜிகாபாஸ்கல் அளவுதான். பிரேம் வளையும்போது மேலுள்ள காம்போசிட் கூடவே வளையாது, இழுபடுவது இடைமுகம். அங்கே ரசாயனப் பிடிப்பு மட்டும் போதாது, மேடுபள்ளத்தில் பதிந்த பிடிப்பும் வேண்டும்.

மெழுகுக்கத்தி, நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் 110 மைக்ரான் அலுமினாவும் பீக்குக்கான பிரைமரும் வாங்குவேன். அழுத்தம் 2 பாருக்குக் குறையாமல், மில் கோடு மறைந்து முகம் முழுவதும் மங்கலாகும் வரை வீச வேண்டும். விற்பனையாளர் கருவியைச் சில நாள் இரவல் தருவார் என்றால் வாங்கி, மிச்சமான வட்டில் துண்டுகளில் நான்கு விதமாகச் செய்து பாருங்கள்: வீச்சும் பிரைமரும், பிளாஸ்மாவும் பிரைமரும், மூன்றும் சேர்ந்து, பிளாஸ்மா மட்டும். ஐஸ் தண்ணீரிலும் 55 டிகிரித் தண்ணீரிலும் மாற்றி மாற்றிப் போட்டு எடுத்துக் கத்தியால் நெம்புங்கள். எண் வராது, எது எங்கே முறிகிறது என்பது வரும். உங்களுக்குத் தேவை அதுதான்.

மெழுகுக்கத்தி எழுதியது:

செய்கிறேன் டாக்டர். துகளையும் பிரைமரையும் இன்றே சொல்லி அனுப்பிவிட்டேன். விற்பனையாளரிடம் இரவல் கேட்டேன். “பிரைமர் இல்லாமல் ஒரு துண்டு, அதோடு வெந்நீர்ச் சோதனையும் செய்வேன்” என்றதும், மேலாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் அழைக்கவில்லை.

வேம்படி எழுதியது:

கடைசியாக ஒன்று. நான் பார்த்த செயல்விளக்கத்தில் கருவி ஓடும்போது ஒரு காரமான வாடை வந்தது. அது ஏதாவது செய்யுமா?

பரப்பியல்பித்தன் எழுதியது:

அது ஓசோன். காற்றில் ஓடும் கருவியில் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கொஞ்சம் வரும். மூச்சுக்குழாயை எரிக்கும், தலைவலியும் வரலாம். உறிஞ்சுகுழாய் உள்ள மேசையில் செய்யுங்கள். மூடிய குளிர்சாதன அறையில் வேண்டாம். சாதாரண முகக்கவசம் தூசியைத்தான் தடுக்கும், இதைத் தடுக்காது. ஓசோன் இயற்கை ரப்பரில் விரிசல் விழவைக்கும் என்பதால் லாடெக்ஸ் கையுறைப் பெட்டியையும் ரப்பர் பேண்டுகளையும் அந்த மேசையில் வைக்காதீர்கள்.